பட்டன் இல்லாத வாசல்

மார்னி கோவல்சுக்கின் போனைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஐயோ, செத்துப்போச்சு போலிருக்கே!" திரை எப்போதும் கன்னங்கரேலென்று கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பரிதாபப்பட்டு, "உங்க போன் ஆஃப் ஆயிருக்கும்மா" என்று தோளைத் தட்டிச் சொன்னதும் உண்டு. அதற்குள் மார்னி அந்தக் கறுப்புக் கண்ணாடியில் விரலை ஓட்டி, காதில் செருகியிருந்த குமிழில் மூன்று மின்னஞ்சல்களைக் கேட்டு, ஒன்றுக்குப் பதிலும் அனுப்பியிருப்பாள். "ஆமாங்க, எனக்கு வெளிச்சம் வீண் செலவு" என்று சிரிப்பாள்.

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை எல்லாம் போனே வாசித்துச் சொல்லும். மற்றவர் காதுக்கு அது கொசு ரீங்கரிப்பது போலத்தான் கேட்கும், அத்தனை வேகம். பார்க்க ஆளில்லாத திரைக்கு விளக்கு எதற்கு என்று அணைத்துப் போட்டிருந்தாள். ஊரார் போனெல்லாம் சாயங்காலத்துக்குள் மூச்சு வாங்கும்போது அவளுடையது இரண்டு நாள் தாங்கியது.

நாற்பத்தேழு வயது. கனடாவின் வின்னிபெக் நகரில் ஆற்றை ஒட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில் சொந்த வீடு. கோர்ட் விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது பிழைப்பு. பிழைப்பு அதில் நடந்தாலும் உயிர் இருந்தது கருவிகளில்தான். பட்டன் வைத்த பழைய போனிலிருந்து போன மாதம் கடைக்கு வந்தது வரை பதினோரு போன்கள், மூன்று டேப்லெட்டுகள். எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஒரு டேப்லெட் சமையலறைச் சுவரில் தொங்கி, அடுப்பில் வைத்ததற்கு நேரம் பார்த்தது. இன்னொன்று வேலைக்கு. மூன்றாவது புதிய ஆப்களைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே நேர்ந்துவிட்டது.

ஆப்களில் அவளுக்குச் செல்லப்பிள்ளைகள் இருந்தன. டின்னைக் காட்டினால் இது தக்காளி சூப், இது பீச் பழம் என்று சொல்லும் ஆப் ஒன்று. துணியின் நிறம் சொல்லும் ஆப் ஒன்று. ஆறு வருஷமாக நீலம் என்று நம்பிப் போட்டுக்கொண்டிருந்த ஸ்வெட்டர் பாசிப்பச்சை என்று அது காட்டிக்கொடுத்த அன்று, வாங்கிக் கொடுத்த தங்கையைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தாள். முன்பின் தெரியாத யாரோ ஒரு புண்ணியவானின் கண்ணை இரண்டு நிமிஷம் கடன் வாங்கிக் கொடுக்கும் ஆப் மற்றொன்று. பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வாணலியில் சிவந்துவிட்டதா என்று கேட்க ஒருநாள் அதைத் திறந்தாள். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஒரு மீனவர் மனைவி வந்து மாட்டிக்கொண்டு, "வெங்காயத்தைத் தனியா வதக்கணும்டி பெண்ணே" என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாள். பெரோகி கரிந்தது. இருவரும் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை காலைதோறும் ரெமி டெஜார்லே வருவார். அறுபத்திரண்டு வயது, அவருக்கும் பார்வை இல்லை. அரசு அலுவலகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் முப்பது வருஷம் காபிக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். இருவரும் மேசையில் மைக்கை வைத்துக்கொண்டு புதுப் போன், புது ஆப் எல்லாவற்றையும் பிரித்து மேய்வார்கள். அந்த நிகழ்ச்சிக்குக் 'கருந்திரை' என்று பெயர். ஆறாயிரம் பேர் கேட்டார்கள். மார்னி புகழ்வாள்; ரெமி குறை சொல்வார். அந்தச் சண்டைக்காகவே கேட்டவர்கள் பாதிப்பேர்.

கட்டடத்தில் யாருக்குப் போனில் கோளாறு என்றாலும் வந்து நிற்பது மார்னியின் வாசலில்தான். குடியிருப்போர் சங்கத் தலைவர் டுவெய்ன் ஃப்ரீசன் உட்பட. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிட்டே தலை நரைத்தவர். காசு விஷயத்தில் கல்லிலும் நார் உரிப்பார்.

"மார்னி, என் போன்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு. பேரப்பய எதையோ அமுக்கிட்டான்."

மார்னி வாங்கி நான்கு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுப்பாள்.

"கண்ணு தெரியாதவங்க கண்ணு தெரிஞ்சவனுக்கு எழுத்தைப் பெருசாக்கித் தர்றீங்க. இதை வெளியில சொல்லிராதீங்க" என்பார் அவர்.

"ஆறாயிரம் பேர்கிட்ட சொல்லியாச்சு டுவெய்ன்."

அந்த ஆகஸ்டில் சங்கக் கூட்டம் கூடியது. வாசலில் இருந்த பழைய இன்டர்காமில் பாதிப் பொத்தான் பேசாது, மீதி தப்பான வீட்டை எழுப்பும். மாற்ற வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று; எதை வாங்குவது என்பதில் இருபத்தேழு வீட்டுக்கும் இருபத்தேழு அபிப்பிராயம். மார்னி எழுந்தாள். கண்காட்சி ஒன்றில் தான் தொட்டுப் பார்த்த புதுவகைக் கருவியைப் பற்றிப் பேசினாள். புடைத்த பட்டன்கள், பட்டனை அமுக்கினால் பேசும் குரல், போனிலிருந்தே கதவைத் திறக்க ஆப்.

"நான் சொன்ன போன் எதையாவது வாங்கி இந்தக் கட்டடத்துல யாராவது ஏமாந்திருக்கீங்களா? கையைத் தூக்குங்க பாப்போம்" என்றாள்.

யாரும் தூக்கவில்லை. தூக்கினாலும் அவளுக்குத் தெரியாது என்று யாரோ முணுமுணுக்க, சிரிப்பு எழுந்தது. முதலில் சிரித்தவள் மார்னிதான். பத்தொன்பதுக்கு எட்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

அக்டோபரில் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். மார்னி கீழே இறங்கிப் போய், டுவெய்ன் பக்கத்தில் நிற்க, கையை வைத்தாள். வழுவழுவென்று கண்ணாடி. மேலிருந்து கீழ்வரை தடவினாள். ஓரத்தில் நான்கு திருகாணிகள். வேறு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணாடி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"இது நான் சொன்னது இல்லையே டுவெய்ன்."

"அதே கம்பெனிதான். பட்டன் வெச்ச மாடல் ரெண்டாயிரத்து முந்நூறு டாலர் அதிகம். இதுவும் அதே வேலைதான் செய்யும். ரகசிய எண்ணைத் தட்டும்போது ஒவ்வொரு தடவையும் எண்ணெல்லாம் இடம் மாறி உக்காரும், திருடன் விரல் தடத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!"

"எண் எங்க இருக்குன்னு மனப்பாடம் பண்ணி வெச்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு சொல்லுங்க."

டுவெய்ன் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது என்று மார்னிக்குப் புரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "புதுசு வேணும்னு கேட்டதே நீங்கதானே மார்னி?" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்ன மார்னி, உங்க கருவி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். மார்னி முகத்தைத் தொங்கப் போடும் ரகம் இல்லை. வீட்டுக்குப் போய் ஆப்பைத் திறந்தாள். போன் வாசித்தது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." செய்தவன் ஒரு பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. ஒவ்வொன்றாக அமுக்கி, எது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து, தானே பெயர் சூட்டினாள். நான்காவது பட்டன்தான் கதவு.

அடுத்தது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. பத்து டாலருக்கு இருபது கிடைக்கும், காசு அளவு வட்ட ஸ்டிக்கர். உள்ளே தலைமுடி போல ஒரு செம்புச் சுருள், பேட்டரி கிடையாது. போனைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தால், நாம் முன்பே சொல்லி வைத்திருக்கும் வேலையைப் போன் செய்யும். கதவைத் திறக்கச் சொல்லி வைத்துவிட்டு, ஒரு ஸ்டிக்கரை வாசல் நிலையில் ஒட்டினாள். போனை வைத்ததும் உள்ளே பூட்டு கடக்கென்று விலகியது. இரண்டு நொடி.

அந்தச் சனிக்கிழமை 'கருந்திரை'யில் அவள் இதைப் பற்றிப் பேசிய குரலில் பெருமை வழிந்தது. மைக்கை அணைத்த பிறகு ரெமி கேட்டார்:

"உனக்கு வேலை முடிஞ்சுது. எனக்கு?"

"நீ வாசலுக்கு வந்ததும் போன் பண்ணு. நான் இங்கிருந்தே திறந்து விடறேன்."

"முன்னாடி ஒரு பட்டன் இருந்துது. மேல இருந்து நாலாவது. அமுக்குவேன், உன் குரல் வரும்."

"யோவ், அது பத்துல மூணு தடவை மேல்வீட்டுக்காரரை எழுப்பும்."

"அவர் நல்ல மனுஷன்" என்றார் ரெமி. கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டிசம்பரில் குளிர் வந்து இறங்கியது. மைனஸ் இருபத்தைந்து டிகிரி, இருபத்தெட்டு என்று நாளுக்கு நாள் கீழே போனது. கையுறை போட்ட விரலை அந்தக் கண்ணாடி மதிக்கவே இல்லை. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்தது. இரண்டு கையிலும் மளிகைப் பையோடு வந்தவர்கள் பையைப் பனியில் வைத்து, பல்லால் கையுறையைக் கழற்றி, இடம் மாறி உட்கார்ந்திருக்கும் எண்களைத் தேடினார்கள். அவர்கள் விட்ட வசவு இரண்டாம் மாடியில் மார்னியின் ஜன்னல் வரை கேட்டது. மார்னி மட்டும் வந்த வேகம் குறையாமல் போனை நிலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு டெஸ்ஸி மக்பானுவா. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். மணிலாவிலிருந்து வந்து பதினைந்து வருஷமாகிறது. அவள் ஊர்ப் பேச்சில் அக்காவுக்கு 'ஆத்தே' என்று பெயர்.

"ஆத்தே, என் போன்லயும் அதைப் பண்ணிக் கொடுங்களேன். ராத்திரி பூரா நின்னுட்டு வர்றேன், காலைல அந்தக் கண்ணாடிகிட்ட கெஞ்சணுமா?"

பண்ணிக் கொடுத்தாள். டெஸ்ஸியைப் பார்த்து மூன்றாம் மாடி. மூன்றாம் மாடியைப் பார்த்து முதல் மாடி. கிறிஸ்துமஸுக்குள் பதினான்கு வீட்டுப் போன்கள் அவள் மேசைக்கு வந்து போயின. ஆளுக்கொரு டப்பா பிஸ்கெட்டோ, கேக்கோ கொண்டுவந்தார்கள். கடைசியில் டுவெய்னும் வந்தார்.

"தெருவில போறவன் போனை ஒட்டித் திறந்துட்டா?"

"ஸ்டிக்கர் சாவி இல்ல டுவெய்ன். அது வெறும் கூப்பாடு. சாவி உங்க போனுக்குள்ள இருக்கு."

"ஒட்டிக் கொடுங்க, ஒட்டிக் கொடுங்க. ஜனவரி கூட்டத்துல சங்கச் செலவுலயே எல்லா வீட்டுக்கும் போட்டுரலாம். பாத்தீங்களா, நான் வாங்கின கருவி கெட்டுப்போகல."

மார்னிக்கு அது வெற்றியாகவே பட்டது. வீட்டுக்குள் வந்து ஆறு பிஸ்கெட் தின்றாள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை. முந்தின நாள்தான் புது டேப்லெட் வந்திருந்தது. தொட்டால் விரலடியில் மெலிதாக அதிர்ந்து, படத்தின் கோடு எங்கே போகிறது என்று உணர்த்தும் வகை. வெளிச் சத்தத்தை அடியோடு அடைத்துவிடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மார்னி ஒரு பறவைப் படத்தின் இறக்கையை விரலால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். ரெமி பத்து மணிக்கு வரவேண்டும். பத்தேகாலுக்கு ஒருமுறை நேரம் கேட்டாள். இந்த மனுஷன் என்றைக்கு நேரத்துக்கு வந்தார் என்று நினைத்து மறுபடி இறக்கைக்குப் போனாள். பத்து இருபத்தைந்துக்கு அவரைக் கூப்பிட்டபோது மணியே அடிக்காமல் பதிவுக் குரல் வந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றியதும் கதவு இடிபடும் சத்தம் கேட்டது.

"ஆத்தே! கதவைத் திறங்க! ரெமி வாசல்ல நின்னுட்டிருந்தார்!"

டெஸ்ஸி அவரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். வெளியே மைனஸ் முப்பத்தொரு டிகிரி. டாக்ஸிக்காரன் இறக்கிவிட்டுப் போனதும் ரெமி போனை எடுத்திருக்கிறார். நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்த போன், குளிர் பட்டதும் ஒரு சிணுங்கலோடு அணைந்துவிட்டது. இன்டர்காமைத் தடவினார், கண்ணாடி. கதவைத் தட்டினார், உள்ளே இன்னொரு கதவு. கைத்தடியால் சுவரைத் தட்டினார். அந்தக் குளிரில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. இருபது நிமிஷத்துக்குமேல் நின்றிருக்கிறார். மளிகை வாங்கிக்கொண்டு தாமதமாகத் திரும்பிய டெஸ்ஸிதான் பார்த்தாள்.

மார்னி அவர் காதைத் தொடக் கையை நீட்டினாள்.

"தேய்க்காதீங்க ஆத்தே! தேய்ச்சா தோல் உரிஞ்சிடும். வெதுவெதுன்னு தண்ணி, சூடா வேணாம். ரெண்டு துண்டு" என்றாள் டெஸ்ஸி. ஆஸ்பத்திரிக் குரல் வந்துவிட்டது அவளுக்கு. "காது நுனி வெள்ளையா இருக்கு. பொழைச்சுக்கும். இன்னும் பத்து நிமிஷம் நின்னிருந்தா நான் வேற மாதிரி பேசுவேன்."

மார்னி துண்டை நனைத்துக் கொடுத்தாள். ரெமி வலியில் மூச்சை இழுத்தாரே தவிரப் புலம்பவில்லை. காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை கோப்பை குடித்த பிறகுதான் பேசினார்.

"முப்பது வருஷம் கடை வெச்சிருந்தேன். கல்லாவுல விழற சத்தத்துலயே எந்தக் காசுன்னு சொல்லிடுவேன். ஒருத்தன் என்னை ஏமாத்தினதில்லை. இன்னிக்கு ஒரு வாசக்கதவு என்னை நிக்க வெச்சிடுச்சு."

"என் தப்பு ரெமி. ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருந்தேன்."

"ஹெட்போன் உன் காது, உன் இஷ்டம். அதை நான் சொல்லல." அவர் கோப்பையைத் தடவி மேசையில் வைத்தார். "அக்டோபர்ல உன் கதவு திறந்துதா? நீ அதோட விட்டுட்டே. வேற எந்தக் கடைக்காரனாவது இப்படிக் கண்ணாடியை மாட்டியிருந்தா, கருந்திரையில அவனை உரிச்சு உப்புத் தடவியிருப்ப. நம்ம வீட்டு வாசல்னதும் ஸ்டிக்கர் ஒட்டிட்டு பிஸ்கெட் வாங்கித் தின்னே."

டெஸ்ஸி துண்டைப் பிழிந்து மறுபடி அவர் காதில் வைத்தாள். மார்னிக்கு வாய்க்கு வந்த பதில் நான்கைந்து. ஒன்றும் உண்மையாக இல்லை. அன்றைக்கு ஒலிப்பதிவு நடக்கவில்லை. ரெமியை டாக்ஸியில் ஏற்றிவிடத் தானே கீழே போனாள். திரும்பி வரும்போது போனை நிலையில் வைத்தாள். கடக். அந்தச் சத்தம் முதன்முறையாக அவளுக்கு இனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை சங்கக் கூட்டம். கீழ்த்தளத்துப் பொது அறையில் இருபத்தைந்து பேர். டுவெய்ன் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"முதல் விஷயம், நம்ம மார்னி கண்டுபிடிச்ச ஸ்டிக்கர். ஐம்பது வாங்கினா தள்ளுபடி உண்டு. எல்லா வீட்டுப் போன்லயும் அவங்களே போட்டுக் கொடுத்திருவாங்க. சரிதானே மார்னி?"

"போட்டுக் கொடுக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியைக் கழட்டணும்" என்றாள் மார்னி.

அறையில் சலசலப்பு.

"சனிக்கிழமை என் சிநேகிதர் இருபது நிமிஷம் வாசல்ல உறைஞ்சு நின்னார். டெஸ்ஸி வரலைன்னா காது போயிருக்கும். ஸ்டிக்கர் நமக்கு வேலை செய்யும். நம்மளைத் தேடி வர்றவங்களுக்குச் செய்யாது. அவங்க போன்ல நம்ம ஆப் கிடையாது."

டுவெய்ன் தொண்டையைக் கனைத்தார். "கேக்கவே வருத்தமா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்தக் கட்டடத்துக்குக் கண்ணு தெரியாத விருந்தாளி எத்தனை பேர் வர்றாங்க? ஒருத்தர், ரெண்டு பேர். அதுக்காக..."

"இந்த டிசம்பர்ல கையுறை போட்டுட்டு வந்தவங்க எத்தனை பேர்? அவங்க பேசின பேச்செல்லாம் என் ஜன்னல்ல கேட்டுது. சிலது எழுத்துல வராது." சிரிப்பு எழுந்தது. அவள் காத்திருந்து, "வாங்க டுவெய்ன், ஒரு பரீட்சை வைப்போம். நீங்க விருந்தாளி. போனை மேசையில வெச்சிடுங்க. கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்குங்க. வெளியில போய் என் வீட்டைக் கூப்பிடுங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன், போன் அடிச்சதும் திறந்து விடறேன்" என்றாள்.

"இப்பவா?"

"மைனஸ் இருபத்தாறுதான். நல்ல காத்து."

பின்வாங்க வழியில்லாமல் டுவெய்ன் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பாதிப்பேர் வேடிக்கை பார்க்க மாடிப்படியில் ஏறினார்கள். மார்னி கைக்கடிகாரத்தில் நேரத்தை ஓட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மேலே கண்ணாடிக் கதவருகே நின்ற டெஸ்ஸி கீழ்நோக்கி வர்ணித்தாள்:

"கையுறையோட தட்டறார்... ஒண்ணும் நடக்கல. இன்னும் பலமா தட்டறார். இப்ப முழங்கையால... ஆத்தே, மூக்கால தட்டறார்!"

அறை அதிர்ந்தது.

"கையுறையைக் கழட்டிட்டார். மூச்சுல கண்ணாடி மூடிருச்சு, துடைக்கறார். மூக்குக் கண்ணாடியும் மூடிருச்சு. அதையும் துடைக்கறார்."

மூன்று நிமிஷம் கழித்து முதல் மாடிக்காரர் ஒருவரின் பையில் போன் அடித்தது, தப்பான வீடு. நான்கு நிமிஷம் இருபது நொடியில் மார்னியின் போன் அடித்தது. நிதானமாக எடுத்தாள்.

"யாரது?"

"நான்தான்! திறங்க!"

"நான்தான்னா யாரு?"

"டுவெய்ன் ஃப்ரீசன்! மூக்கு விழுந்துரும் போலிருக்கு மார்னி!"

நான்காவது பட்டனை அமுக்கினாள். அவர் படியிறங்கி வந்தபோது யாரும் கைதட்டவில்லை. யாரோ சூடாகக் காபி நீட்டினார்கள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கிக் குடித்தார். மார்னி எழுந்து நின்றாள்.

"ஆகஸ்ட்ல நான் சொன்னதை நம்பித்தான் பத்தொன்பது பேர் கை தூக்கினீங்க. எந்த மாடல் வருதுன்னு நான் போய்த் தொட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. வந்த பிறகும், என் கதவு திறந்தா போதும்னு இருந்துட்டேன். அது என் தப்பு. கருவி வாங்கறதுல நான் தப்பே பண்ண மாட்டேன்னு யாராவது நினைச்சிருந்தா, இதைக் கணக்குல சேத்துக்குங்க. ஆனா இந்தத் தடவை நான் தொட்டுப் பாக்காத எதையும் இந்த வாசல்ல மாட்ட விட மாட்டேன்."

"ரெண்டாயிரத்து முந்நூறு" என்றார் டுவெய்ன் ஈனசுரத்தில். பழக்க தோஷம்.

"உங்க கம்பெனியில மூக்குக்கு எவ்வளவு மதிப்புப் போடுவீங்க டுவெய்ன்?" என்று பின்னாலிருந்து டெஸ்ஸி கேட்டாள்.

டுவெய்னே முதலில் சிரித்தார் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். வாக்கெடுப்பில் இருபத்திரண்டுக்கு மூன்று. தலைவரின் கை எந்தப் பக்கம் என்று மார்னி கேட்கவில்லை, அவரே சொன்னார். "தூக்கிட்டேன் மார்னி. கோட்டோட தூக்கினேன், கனமா இருந்துது."

அந்த வார இறுதியில் டுவெய்னின் காரில் இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைக்கார இளைஞன் துடிப்பானவன். ஆனால் வாய் முழுக்க டுவெய்ன் பக்கமே இருந்தது. "சார், இதுல இவங்களுக்கு வசதியா இருக்கும். சார், இவங்க கையை இங்க வெக்கச் சொல்லுங்க."

இரண்டு நிமிஷம் பொறுத்த டுவெய்ன், "தம்பி, நான் டிரைவர். வாங்கறது அவங்க. அவங்ககிட்ட பேசு" என்றார்.

மார்னிக்கு அந்த மனுஷனை அன்றைக்குத்தான் உண்மையாகவே பிடித்தது. வரிசையாக மாட்டியிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். முதலாவதில் பட்டன் புடைத்திருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கையுறையோடு அமுக்கினால் மூன்று சேர்ந்து அமுங்கும். இரண்டாவது பேசியது, ஆனால் போக்குவரத்துச் சத்தத்தில் கேட்காத குரல். பார்வையில்லாத விரலுக்கு வழிகாட்ட ஐந்தாம் எண்ணில் இருக்க வேண்டிய சிறு மேடு மூன்றாவதில் இல்லை. நான்காவதை அமுக்கியதும் அவள் முகம் மாறியது. டுவெய்னின் தடித்த கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி அமுக்கினாள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக உள்ளே போய் வந்தது; ஒரு பெண்குரல் உரக்கச் சொன்னது: இரண்டு, ஒன்று, நான்கு.

"இதுல ஒரு வாரம் ஃப்ரீசர்ல வெச்சுப் பாக்க ஒண்ணு குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

இளைஞன் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு மேலாளரைக் கூப்பிடப் போனான். ஒன்று கிடைத்தது. ஒரு வாரம் அது மார்னியின் ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிக்கு நடுவே படுத்திருந்தது. எடுத்து மின்சாரம் கொடுத்ததும் பேசியது. அதன் பிறகுதான் கையெழுத்து.

பிப்ரவரி கடைசியில் மாட்டினார்கள். பழைய கண்ணாடியைக் கம்பெனி பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டது. அந்தப் பேரத்தை டுவெய்ன் பேசினார், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்த சனிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே ரெமி வந்துவிட்டார். புதுக் கருவியை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். பிறகு கையுறையோடு முதல் மாடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து, இருபத்தேழு வீட்டு எண்ணையும் ஒன்றுவிடாமல், மார்னியுடையதை மட்டும் கடைசிக்கு வைத்து, அடித்தார்.

மார்னி வீட்டில் மணி ஒலித்தபோது சுற்றிலும் எல்லா வீட்டிலும் ஒலித்து ஓய்ந்திருந்தது. அவள் வாசலைத் திறந்துவிட்டாள்; மாடிப்படியிலும் கதவுகள் திறந்தன. இரவுப் பணி முடித்துப் படுத்திருந்த டெஸ்ஸி எழுந்து வந்து தன் தாய்மொழியான தகாலாக்கில், தமிழில் எழுதமுடியாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள். எல்லார் குரலையும் மிஞ்சிக்கொண்டு டுவெய்ன் ஃப்ரீசன் படிக்கட்டின் மேலிருந்து கத்தினார்:

"யாருய்யா அது?"

கீழேயிருந்து ரெமியின் குரல் கணீரென்று வந்தது: "ஒண்ணும் அவசரமில்ல! எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்தேன். பதினேழாவது வீட்டுல மட்டும் கொஞ்சம் கொரகொரன்னு கேக்குது, அதைச் சரி பண்ணச் சொல்லுங்க!"